முதல் கனெக்‌ஷன் ராஜபாளையத்தில்

சங்கரன்கோவிலில் ஒரு வீட்டுக்கு அமெரிக்க விசா வந்துவிட்டால் அன்றைக்கே ஆலோசனைகளும் வந்து சேர்ந்துவிடும். மகளின் பேறுகாலத்துக்குப் போகிறார் அம்மா; துணைக்கு அப்பா. டிக்கெட் எடுக்க வேண்டும். டைரக்ட் ஃப்ளைட்டா, கனெக்‌ஷன் ஃப்ளைட்டா? மருமகன் அங்கிருந்து கைபேசியில் ஒன்று சொல்வார். பேருந்து நிலையம் பக்கத்து ட்ராவல்ஸ்காரர் வேறொன்று சொல்வார். போன வருடம் போய்வந்த எதிர்வீட்டுப் பெண்மணியோ ஒரே போடாகப் போட்டுவிடுவார்: “டைரக்ட்லயே போங்க மதினி. நடுவுல இறங்கி ஏறுறதெல்லாம் நமக்குச் சரிப்படாது. அங்க போய் யார்கிட்ட வழி கேப்பீங்க?”

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இந்த ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு டைரக்ட் என்று எதுவுமே கிடையாது. மதுரை விமான நிலையம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் தாண்டித்தான் போக வேண்டும். ராஜபாளையத்துக் கடைவீதி நெரிசலில் சிக்கிய காருக்குள் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு கனெக்‌ஷன் பதற்றம்தான். திருவனந்தபுரம் 150 கிலோமீட்டர். செங்கோட்டை, ஆரியங்காவு மலைப்பாதையில் மழைக்காலத்தில் நேரக் கணக்கு செல்லாது. தூத்துக்குடி வாகைகுளம் சுமார் 90 கிலோமீட்டர். அங்கே ஏறினாலும் சென்னையிலோ பெங்களூரிலோ மாறத்தான் வேண்டும். பொதிகை எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் விடியலில் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம். எதிரிலேயே விமான நிலையம். சிக்கனமான வழி. ஆனால் ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ என்று இரண்டு முதியவர்கள் அந்த நடைமேம்பாலத்தில் ஏறி இறங்குவதை நினைத்துப் பார்த்தால், எது சிக்கனம் என்ற கேள்வி வரும்.

ஆகவே பயணத்தில் முறிவு இருக்குமா என்று கேட்பதில் பொருளில்லை. அது எங்கே விழுகிறது, விழும் இடத்தில் யார் பொறுப்பு என்றுதான் கேட்க வேண்டும். சாலையிலும் ரயிலிலும் முறிவு விழுந்தால் நாமே பொறுப்பு. ஒரே டிக்கெட்டில் போகும்போது விமான நிலையத்தில் விழுந்தால் விமான நிறுவனம் பொறுப்பு. சென்னையிலிருந்து டைரக்ட் என்று பெருமையாக வாங்கும் டிக்கெட், நம்முடைய முறிவை விமான நிலையத்திலிருந்து எடுத்துச் சாலையில் வைக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவுக்கு அந்தப் பெருமையும் கிடையாது. சென்னையிலிருந்து நிற்காமல் அமெரிக்கா போகும் விமானம் இல்லை. லண்டனுக்கும் பிராங்க்ஃபர்ட்டுக்கும் உண்டு. அமெரிக்காவுக்கு என்றால் டெல்லி, மும்பை போக வேண்டும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா பெங்களூருவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே சேவை தொடங்கி, பெண் விமானிகளே வடதுருவத்துக்கு மேலாக ஓட்டி வந்தபோது தென்னாடே கொண்டாடியது. அப்படித் தொடங்கும் நெடுந்தடங்கள் நிலைத்து நிற்கும் என்றும் சொல்வதற்கில்லை. டெல்லி–வாஷிங்டன் சேவையை அதே நிறுவனம் 2025 செப்டம்பர் 1 முதல் நிறுத்தியது. பழைய போயிங்குகளைப் புதுப்பிக்க அனுப்புவதும், பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டிருப்பதும் காரணம் என்று சொன்னது.

அந்த வான்வெளிக் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2025 ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடலைச் சுற்றிப் போகத் தொடங்கின. வட அமெரிக்கத் தடங்களில் எரிபொருள் போதாமல் சில விமானங்கள் வியன்னாவில் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. நிற்காத விமானம் என்று கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கியவர்கள் வியன்னா ஓடுபாதையில் நின்ற விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். கீழே இறங்கிக் கால் நீட்டவும் வழியில்லை. கனெக்‌ஷன் பயணத்தின் தாமதம் முழுதாக வந்தது. அதில் கிடைக்கும் ஒரே ஆறுதலான நடை மட்டும் வரவில்லை.

இதனால் டெல்லி வழியே தவறு என்று ஆகிவிடாது. பள்ளிக்கூட உலக உருண்டையில் மதுரையிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் தெரியும்: நூல் அரபிக்கடல் பக்கம் போகாது, வடமேற்காக ஏறி ஆசியாவின் நடுப்பகுதியைக் கடக்கும். மதுரை–டெல்லி வான்வழியில் சுமார் 2,100 கிலோமீட்டர். அவ்வளவு வடக்கே போய் ஏறுவது வீண் சுற்று போலத் தோன்றினாலும், நியூயார்க் பயணிக்கு டெல்லி வழியும் துபாய் வழியும் மொத்தத் தூரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். வம்பு தூரத்தில் இல்லை. டிசம்பர், ஜனவரியில் டெல்லியில் கவியும் மூடுபனியில் இருக்கிறது. இந்தியாவுக்குள் திரும்பி நுழையும்போது முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டிகளை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டிய நடைமுறையில் இருக்கிறது. பதினைந்து, பதினாறு மணி நேரம் உட்கார்ந்து வந்த கால்களோடு, பெல்ட்டில் சுற்றும் நான்கு பெட்டிகளுக்காகக் காத்திருந்து, மதுரை விமானத்தின் கவுன்டரைத் தேடி வண்டியைத் தள்ளிப் போகும் அப்பாவை நினைத்துக்கொண்டுதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

மருத்துவர்கள் சொல்வதையும் ஓரளவே கணக்கில் கொள்ளலாம். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. அதே ஆய்வு, அப்படியும் ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் அது நேர்கிறது என்றும் சொன்னது. பயமுறுத்தும் அளவுக்கில்லை, ஏற்கெனவே காலில் வீக்கம் உள்ளவர்களும் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஏறினால் போதும். சர்க்கரைக்காரர்களுக்கு நடுவழியில் இறங்கி இரண்டு மணி நேரம் நடப்பது நல்லது என்பது என் எண்ணம். இன்சுலின் நேரத்தை இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொள்வதும் எளிது.

முதியவர்களை அதிகம் வாட்டுவது விமானத்தைவிட விமான நிலையம். 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பை வந்திறங்கிய எண்பது வயதுக்காரர் ஒருவர், கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு சக்கர நாற்காலி வந்ததால் மனைவியை அதில் உட்கார வைத்துவிட்டுத் தான் நடந்து வந்தார். குடியேற்றப் பிரிவுக்கு அருகே சுருண்டு விழுந்து இறந்துபோனார். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. இறங்கி ஏறுவதைத் தவிர்த்துவிட்டால் நடையைத் தவிர்த்துவிடலாம் என்று நம்புகிறவர்களுக்கு இந்தச் சம்பவம் ஒன்று போதும்.

சக்கர நாற்காலி கேட்பதிலும் நுணுக்கம் உண்டு. டிக்கெட்டில் மூன்று விதமாக அதைப் பதிவு செய்வார்கள். படி ஏறுவார், ஆனால் நீண்ட தூரம் நடக்க மாட்டார் என்றால் டபிள்யூ.சி.ஹெச்.ஆர். படியும் ஏற மாட்டார் என்றால் கடைசி எழுத்து எஸ். இருக்கை வரைக்கும் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும் என்றால் சி. நம்மூரில் எல்லாருக்கும் முதலாவதையே போட்டுவிடுகிறார்கள். முழங்கால் தேய்ந்த அம்மாவை, விமானத்திலிருந்து ஏணிப்படி வழியாக இறங்கிப் பேருந்தில் ஏறச் சொல்லும்போதுதான் அந்த ஓரெழுத்தின் அருமை தெரியும். ஆளுக்கொரு நாற்காலி என்று தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்பதையும் டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

இனி பி.என்.ஆர். கனெக்‌ஷன் பயணத்தின் நன்மை தீமை எல்லாம் இந்த ஆறெழுத்துக் குறியீட்டுக்குள் அடங்கியிருக்கிறது. மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து துபாய், துபாயிலிருந்து சிகாகோ என்று மூன்று விமானங்களும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பாடு. போகும்போது பெட்டியும் நேரே போய்விடும். மூன்றும் தனித்தனி டிக்கெட் என்றால், முதலாமவன் தாமதத்துக்கு இரண்டாமவன் பதில் சொல்ல மாட்டான். நீங்கள் வரவில்லை என்று குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவான், பணமும் போகும். சங்கரன்கோவில்காரர்களுக்கு ஒரே திருமேனியில் சிவனும் திருமாலும் நிற்பது புதிதில்லை. ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து நிற்கும் கோட்ஷேர் ஏற்பாட்டையும் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். பிரிந்து நிற்பவர்களை நாமாக ஒட்டவைக்க முயல்வதில்தான் விபரீதம்.

அந்த விபரீதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. தனி டிக்கெட்டில் துபாய் போய் அங்கே வேறு நிறுவனத்துக்கு மாறும்போது, பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கச் சொன்னால், பெட்டி சுற்றும் இடம் குடியேற்றப் பிரிவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே போக அந்த நாட்டு விசா வேண்டும். இதைச் சொல்லாமல், ‘ஆறாயிரம் ரூபா குறையுது அண்ணாச்சி’ என்று தனித்தனியாகப் போட்டுத் தருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அச்சடித்துத் தரும் தாளில் எத்தனை பி.என்.ஆர் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஆங்கிலம்கூடத் தேவையில்லை. ஒன்றுக்கு மேல் இருந்தால் அதைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விற்க வேண்டும் என்று விதி வந்தால் நல்லது.

பெட்டி வராவிட்டால் அங்கேயே எழுதிக் கொடுத்துச் சீட்டு வாங்காமல் வெளியே வந்துவிடக் கூடாது. மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதமென்றால் ஏழு நாளுக்குள்ளும் தாமதமென்றால் பெட்டி கைக்கு வந்த இருபத்தோரு நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கான இழப்பீட்டு வரம்பு 1,519 எஸ்.டி.ஆர், நம் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். பருப்புப்பொடியும் வற்றலும் போனால் போகட்டும், மாத்திரைப் பையைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

கனெக்‌ஷன் வழிக்கும் கெட்ட காலம் வரும். 2024 ஏப்ரல் 16 அன்று கொட்டிய மழையில் துபாய் விமான நிலையம் வெள்ளக்காடானது. வழியில் மாற வந்தவர்கள் நாட்கணக்கில் தரையில் படுத்துக் கிடந்தார்கள். 2025 ஜூன் 23 அன்று கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியபோது தோஹா வானம் மூடப்பட்டு, விமானங்கள் திசைமாறின. உள்நாட்டிலும் பத்திரமில்லை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானிகளின் புதிய பணிநேர விதிகளுக்குத் தயாராகாமல் இண்டிகோ தடுமாறியபோது, 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட்டில் போய் வெளிநாட்டு விமானம் பிடிக்கத் திட்டமிட்டிருந்தவர்களின் கதியை யோசித்துக்கொள்ளலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் நெல்லை, தூத்துக்குடி வெள்ளத்தில் ரயிலும் சாலையும் அறுந்தன. மார்கழிக்கு முன்னும் பின்னும் நெடும்பயணம் வைப்பவர்கள், புறப்படும் ஊருக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்கிவிடுவது மேல்.

என்னைக் கேட்டால், முதன்முறை கடல்கடக்கும் பெற்றோருக்கு, வீட்டுக்கு அருகிலுள்ள விமான நிலையத்தில் ஏறி, ஒரே பி.என்.ஆரில், ஒரே ஒரு இடத்தில் மாறும் பயணம்தான் உகந்தது. மாறும் இடத்தில் மூன்று மணி நேரமாவது வேண்டும். விமான நிலையங்கள் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வைத்திருக்கின்றன. அதையொட்டி விற்கும் டிக்கெட் செல்லுபடியாகும், ஆனால் அது ஓடக்கூடிய இளைஞர்களுக்கானது. வளைகுடா விமான நிலையங்களில் நாற்காலி தள்ளுபவர், துப்புரவு செய்பவர், கடையில் நிற்பவர் என்று நாலு பேரைப் பார்த்தால் ஒருவருக்காவது தமிழோ மலையாளமோ தெரிந்திருக்கும். டெல்லியைவிட அங்கே வழிகேட்பது நம் அம்மாக்களுக்குச் சுலபம். வேலைக்குப் போகும் கடையநல்லூர், புளியங்குடி இளைஞர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை. அவர்களுக்கு வளைகுடாவே சேருமிடம், திருவனந்தபுரத்தில் ஏறினால் நாலு மணி நேரத்துச் சொச்சத்தில் இறங்கிவிடுவார்கள். கைக்குழந்தையோடு தனியாக வரும் பெண்ணுக்கு மட்டும் நான் மாற்றிச் சொல்வேன். எவ்வளவு கூடுதலானாலும் நிற்காத விமானம்தான். தூங்கும் குழந்தையை எழுப்பிப் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிறுத்தும் கொடுமையை அனுபவித்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

ஆஸ்திரேலியா போகிறவர்கள் பலரும் கவனிக்காத வழி ஒன்று மதுரையிலேயே இருக்கிறது. 2012இல் சுங்க விமான நிலையமாக அறிவிக்கப்பட்டதும் மதுரையிலிருந்து முதலில் பறந்த வெளிநாட்டு விமானம் கொழும்புக்குத்தான். கொழும்பு ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து மெல்பர்னுக்கும் சிட்னிக்கும் ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் நேரடி விமானங்கள் இருக்கின்றன. சென்னை போய்ச் சிங்கப்பூர் சுற்றுவதைவிட இது மிச்சம். 2022 நெருக்கடியில் எரிபொருள் இல்லாமல் அந்த விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி நிரப்பிக்கொண்டு போன காலமும் ஒன்று இருந்தது, அது கடந்துவிட்டது.

திரும்பிவரும் பயணத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஐரோப்பாவிலிருந்து சென்னை வரும் நேரடி விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டியோ அதிகாலையிலோ இறங்குகின்றன. சங்கரன்கோவிலுக்குப் பொதிகை அன்றிரவுதான். விமானத்தில் இருந்ததைவிட அதிக நேரம் சென்னையில் உறவினர் வீட்டில் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் தூக்கம் கெட்ட ஓட்டுநரோடு அறுநூறு கிலோமீட்டர் வாடகைக் காரில் வர வேண்டும். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் வரும் பிள்ளைகள் விமானத்தில் பத்திரமாக வந்து விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டைச் சாலையில் உயிரைப் பணயம் வைப்பதைப் பார்க்கும்போது எரிச்சலாக இருக்கிறது.

இந்த எரிச்சலைப் பயணிகள் மீதோ ட்ராவல்ஸ்காரர்கள் மீதோ காட்டிப் பயனில்லை. மதுரையில் ஏறி, ஒற்றை டிக்கெட்டில், வளைகுடாவில் ஒரே முறை மாறி உலகம் போக முடியாதபடி தடுப்பது ஓர் ஒப்பந்தப் பட்டியல். இந்தியா ஒவ்வொரு நாட்டோடும் செய்துகொண்டிருக்கும் விமான சேவை ஒப்பந்தங்களில், அந்நாட்டு விமானங்கள் எந்தெந்த இந்திய ஊர்களில் இறங்கலாம் என்று பெயர் குறித்திருக்கிறது. பாயின்ட் ஆஃப் கால் என்பது அதுதான். ஐக்கிய அரபு அமீரகத்துடனான பட்டியலில் மதுரை இல்லை. ஆசியான் நாடுகளுக்குத் தாராளமாகத் திறந்துவிட்ட 18 ஊர்களில் திருச்சியும் திருவனந்தபுரமும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் மதுரை இல்லை. இந்திய நிறுவனங்களுக்கு இந்தத் தடை கிடையாது; 2025 ஜூனில் இண்டிகோ மதுரையிலிருந்து அபுதாபிக்குப் பறக்கத் தொடங்கியது அப்படித்தான். ஆனால் அங்கே இறங்கி அந்நாட்டு நிறுவனத்தின் நெடுந்தூர விமானத்துக்கு மாறுவது பெரும்பாலும் இரண்டாவது பி.என்.ஆர் ஆகிவிடுகிறது.

டெல்லியின் வாதம் தெரிந்ததுதான். வளைகுடா நிறுவனங்களுக்கு ஊருக்கு ஊர் கதவு திறந்தால் இந்தியாவின் நெடுந்தூரப் பயணிகள் எல்லாரும் துபாய், தோஹா வழியாகவே போவார்கள். நம் நிறுவனங்கள் வளரவே வளராது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டதைப் பார்த்தவர்கள் இந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஏர் இந்தியா டாடாவிடம் போய், 2023இல் 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. இண்டிகோவும் பெரிய ஏர்பஸ்களை வாங்குகிறது. எல்லாம் நல்லதே. ஆனால் அந்தப் பெரிய விமானங்கள் நிற்கப்போவது டெல்லியிலும் மும்பையிலும். மதுரையின் ஓடுபாதை 2,286 மீட்டர்தான். அகன்ற விமானம் இங்கே வரப்போவதில்லை. இந்திய நிறுவனங்கள் தர முடியாததையும் தர விரும்பாததையும் காப்பாற்றுவதற்காகத் தென்காசி, விருதுநகர், நெல்லைக்காரர்களை எதற்குச் சாலையில் நிறுத்தி வைக்க வேண்டும்?

தூத்துக்குடியைப் பாருங்கள். 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்துவைத்த புதிய முனையம், 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்ட ஓடுபாதை. செலவு சுமார் 450 கோடி ரூபாய். மதுரையைவிட நீளமான பாதை அது. குடியேற்றப் பிரிவும் சுங்கமும் வந்தால் வளைகுடாவுக்கு நடுத்தர விமானங்கள் அங்கிருந்தே பறக்க முடியும்.

மறுபடி மதுரைக்கு வருவோம். துபாய்க்கும் இந்தியாவுக்கும் இடையே ஒவ்வொரு தரப்புக்கும் வாரம் ஏறத்தாழ 66,000 இருக்கைகள் என்று உச்சவரம்பு இருக்கிறது; பல ஆண்டுகளாக உயரவில்லை, அமீரகம் கூடுதல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கூட்டுவதும் மறுப்பதும் டெல்லியின் முடிவு. மதுரைக்காகப் புதிதாக ஓர் இருக்கைகூடத் தர வேண்டியதில்லை. ஏற்கெனவே கொடுத்திருக்கும் 66,000இல் வாரத்துக்கு ஆயிரத்தை, அவர்கள் விரும்பினால் மதுரையில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்தால் போதும். சென்னையிலோ மும்பையிலோ குறையும் அந்த ஆயிரத்தை இந்திய நிறுவனங்களே நிரப்பிக்கொள்ளலாம். தென்காசி, விருதுநகர், மதுரை, தூத்துக்குடி, நெல்லை நாடாளுமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியானாலும் அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு முன் சேர்ந்து எழுதிக் கொடுக்கக்கூடிய கோரிக்கை இது. இரண்டு பக்கத்துக்கு மேல் வராது.